சொல் நின்றது, மெட்டு கரைந்தது

ஸ்ரீவில்லிபுத்தூரில் கழிந்த என் இளமைக் காலத்தில், ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து சேர்ந்த இரவுகளில் என் பாட்டி திண்ணையில் அமர்ந்து ஒரு பாட்டுப் பாடுவார். மிதிலை நகர வீதியில் நடந்துவரும் இராமன், கன்னிமாடத்தில் நிற்கும் பெண்ணைக் கண்டு, இவள் யாராக இருக்கக்கூடும் என்று தனக்குள் வியந்து நிற்கும் பாட்டு அது. தாலாட்டுக்கும் கும்மிக்கும் இடைப்பட்ட எளிய மெட்டு. பல ஆண்டுகள் கழித்து, பொருளாதார ஆய்வு மாணவனாகச் சென்னையில் இருந்தபோது, சபா கச்சேரி ஒன்றில் அதே பாட்டைப் பைரவி இராகத்தில் கேட்டேன். கம்பீரமும் கனிவும் கலந்த அந்தப் பைரவி என்னை உருக்கியது உண்மை. ஆனால், சொற்கள் மட்டுமே பாட்டியின் சொற்களாக இருந்தன. இசை முற்றிலும் வேறாக இருந்தது.

இவ்விரண்டில் எது அந்தப் பாட்டுக்கு முதலில் அமைந்த மெட்டு? இந்தச் சிறிய கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், அது சீர்காழி அருணாசலக் கவிராயரின் வாழ்க்கையில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. தமிழிசை மூவருள் ஒருவர் என்று நாம் போற்றும் அவருடைய பெயரை அறியாதவர் குறைவு. அவருடைய படைப்பு நம்மிடம் வந்து சேர்ந்த வழியில் எதை இழந்தோம் என்பதை எண்ணிப் பார்ப்பவர் அதனினும் குறைவு.

அருணாசலக் கவிராயர் 1711-ஆம் ஆண்டில், தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியில் பிறந்தார். தந்தை நல்லதம்பிப் பிள்ளை, தாய் வள்ளியம்மை. அதே ஆண்டு பிப்ரவரி மாதத்தில், இலண்டன் நகரில் ஹேண்டல் என்னும் ஜெர்மானிய இசையமைப்பாளர் 'ரினால்டோ' என்ற இத்தாலிய மொழி இசைநாடகத்தை முதன்முதலாக மேடையேற்றினார். ஐரோப்பிய இசை வரலாற்றில் பரோக் காலம் என்று குறிக்கப்படும் காலம் அது. ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை நீண்ட அந்தக் காலத்தில்தான் ஓபரா எனப்படும் இசைநாடகம் அங்கே பிறந்து வளர்ந்தது.

சோழநாட்டுச் சிற்றூரையும் இலண்டன் அரங்கையும் ஒரே மூச்சில் பேசுவது வலிந்த ஒப்பீடாகத் தோன்றலாம். ஆனால், இரண்டுக்கும் இடையே ஒரு மெல்லிய இழை உண்டு. ஹேண்டல் பிறந்த ஊர் ஹாலே. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு படித்த ஊரும் அதுவே. அவருடைய அச்சகத்துக்கு வேண்டிய தமிழ் எழுத்துகள் அந்த ஹாலே நகரில்தான் வார்க்கப்பட்டு, 1713-இல் கடல் கடந்து தரங்கம்பாடிக்கு வந்தன. அருணாசலம் இரண்டு வயதுக் குழந்தையாகத் தவழ்ந்த வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில் தமிழ் அச்செழுத்து வந்து இறங்கிவிட்டது. எனினும், அவர் பின்னாளில் எழுதிய நூல் ஓலையிலும் நாவிலும் மட்டுமே உலவியது. 'ரினால்டோ'வின் பாடல்களோ அரங்கேறிய ஆண்டிலேயே இசைக்குறிப்புடன் அச்சிடப்பட்டு இலண்டன் கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்டன. இந்த வேறுபாடுதான் பின்வந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது.

பன்னிரண்டாம் வயதிலேயே பெற்றோரை இழந்த அருணாசலம், தருமபுரம் ஆதீனத்தில் சேர்ந்து தமிழும் வடமொழியும் சைவ நூல்களும் பயின்றார். அவருடைய அறிவுக் கூர்மையைக் கண்ட மடத்தார், துறவு பூண்டு அங்கேயே தங்கிவிடும்படி விரும்பினர். அவர் இல்லறத்தையே தேர்ந்தார். முப்பது வயதளவில் திருமணம் செய்துகொண்டு, தில்லையாடியில் காசுக்கடை வைத்துப் பிழைப்பு நடத்தினார்.

காசுக்கடை என்பதை இன்றைய வாசகருக்குச் சற்று விளக்க வேண்டும். அக்காலச் சோழமண்டலக் கரையில் பலவகை நாணயங்கள் புழங்கின. தரங்கம்பாடியில் டேனியர், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், கூடலூரில் ஆங்கிலேயர் என்று ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு கொடி. அவரவர் நாணயமும் உள்நாட்டுப் பொன்னும் பணமும் ஒரே சந்தையில் கலந்தன. அவற்றின் மாற்றையும் எடையையும் கணித்து, வட்டம் பிடித்து மாற்றித் தருவதே காசுக்கடைக்காரரின் தொழில். கம்பனைக் கரைத்துக் குடித்த ஒருவர் கல்லில் பொன்னை உரைத்து மாற்றுப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்த காட்சி, பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்குத் தனி ஈர்ப்புடையது. சொல்லின் எடையை அறியும் பழக்கம் அங்கும் கொஞ்சம் கைவந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தத் தொழில்தான் அவரைச் சீர்காழிக்குக் கொண்டுவந்தது. வாணிகத்தின் பொருட்டுப் புதுச்சேரிக்குப் புறப்பட்டவர், வழியில் சீர்காழி மடத்தில் ஓர் இரவு தங்கினார். அங்கிருந்த அவருடைய ஒருசாலை மாணாக்கர் ஒருவர், சீர்காழிமீது பள்ளு நூல் ஒன்றைத் தொடங்கி முடிக்க இயலாமல் திகைத்துக்கொண்டிருந்தார். கவிராயர் அன்றிரவே அதை முடித்துக் கொடுத்தார் என்பது மரபுவழிச் செய்தி. வியந்துபோன நண்பர், அவரைக் குடும்பத்துடன் சீர்காழிக்கே அழைத்துக்கொண்டார். அதன்பிறகு அவர் சீர்காழி அருணாசலக் கவிராயர் ஆனார். சீர்காழித் தலபுராணம், சீர்காழிக் கோவை, அனுமார் பிள்ளைத்தமிழ், அசோமுகி நாடகம் முதலிய நூல்கள் அவர் பெயரில் வழங்குகின்றன. ஆனால், அவரை இன்றளவும் வாழவைத்திருப்பது இராம நாடகக் கீர்த்தனை என்னும் ஒரே நூல்.

சீர்காழிக்கு அடுத்துள்ள சட்டநாதபுரத்திலிருந்து வேங்கடராமையர், கோதண்டராமையர் என்ற இருவர் கவிராயரிடம் கம்பராமாயணம் பாடம் கேட்க வந்தனர். இருவரும் இசைவல்லவர்கள். கம்பனின் காவியத்தை எல்லாரும் பாடி ஆடத்தக்க இசைநாடகமாக ஆக்கித் தரவேண்டும் என்று அவர்கள்தாம் ஆசிரியரைத் தூண்டினர். கவிராயர் பாட்டை யாத்தார். மாணாக்கர் இருவரும் அதற்கு இசை வகுத்தனர். ஆசிரியர் அப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

நூலின் அமைப்பைப் பார்த்தால், அக்கால ஐரோப்பிய ஓபராவோடு அது கொண்டுள்ள ஒற்றுமை வியப்பளிக்கும். பரோக் ஓபராவில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, ஏறக்குறையப் பேச்சுப்போலவே அமைந்து, கதையை முன்னே நகர்த்தும் ஓதல் பகுதி. அதற்குத் துணையாக ஒரு தந்திக் கருவியும் அடிநாதமும் மட்டும் மெல்ல ஒலிக்கும். மற்றொன்று, கதை நின்றுவிட, பாத்திரத்தின் ஓர் உணர்ச்சி மட்டும் விரிந்து பெருகும் பாட்டு. அந்தப் பாட்டு மூன்று பகுதியாக இருக்கும். முதற்பகுதி, மாறுபட்ட இரண்டாம் பகுதி, பிறகு மீண்டும் முதற்பகுதி. திரும்பி வரும்போது பாடகர் தம் கற்பனைக்கேற்ப அதை அணிசெய்து பாடவேண்டும் என்பது அக்கால மரபு.

இராம நாடகத்திலோ விருத்தமும் துவிபதையும் வசனமும் கதையை நகர்த்துகின்றன. தரு எனப்படும் பாட்டு வந்ததும் கதை நின்று, கைகேயியின் சூழ்ச்சியோ தசரதனின் புலம்பலோ அனுமனின் களிப்போ நம்முன் விரிகிறது. தருவுக்குப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற உறுப்புகள். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவி திரும்பி வருகிறது; திரும்பும்போது பாடுபவர் அதை மெருகேற்றுகிறார். ஒருவரையொருவர் அறியாத இரு உலகங்கள், கதையைச் சொல்வது எப்படி, உணர்ச்சியை நிறுத்திக் காட்டுவது எப்படி என்ற ஒரே சிக்கலுக்கு ஏறத்தாழ ஒரே தீர்வைக் கண்டிருக்கின்றன.

கவிராயரின் தனித்திறம் மொழியில் இருக்கிறது. கம்பனை அவர் அடியொற்றிச் செல்கிறார். ஆனால், கம்பனின் செறிந்த விருத்தத்தைப் பழமொழியும் பேச்சு வழக்கும் கலந்த தமிழாக அவிழ்த்துத் தருகிறார். ஏடறியாத உழவரும் கேட்டவுடன் பொருள் கொள்ளலாம். இந்த இடத்தில் ஹேண்டலை மீண்டும் நினைக்க வேண்டியிருக்கிறது. இலண்டன் மக்களுக்குப் புரியாத இத்தாலிய மொழியில் முப்பது ஆண்டுகள் ஓபரா இயற்றியவர் அவர். அவருடைய கடைசி ஓபராவான 'டெய்டாமியா' 1741 ஜனவரியில் அரங்கேறி, மூன்றே காட்சிகளோடு நின்றுபோயிற்று. போருக்குப் போகாமலிருக்கப் பெண்ணுடையில் ஒளித்து வைக்கப்பட்ட இளவீரன் அக்கிலீசைப் பற்றிய அருமையான நாடகம் அது. அதன்பின் ஹேண்டல் இத்தாலிய ஓபராவையே கைவிட்டு, வேதாகமக் கதைகளை ஆங்கிலத்தில் பாடும் இசைப்படைப்புகளுக்கு முழுமையாகத் திரும்பினார், மறுபடியும் வாழ்ந்தார். மக்கள் அறிந்த கதையை மக்கள் மொழியில் பாடவேண்டும் என்ற பாடத்தை அவர் நட்டப்பட்டுக் கற்றார். சீர்காழிக் கவிராயர் முதலடியிலேயே அதை அறிந்திருந்தார்.

இராம நாடகம் திருவரங்கத்தில் அரங்கேறியது. கம்பனின் காவியமும் அங்கேதான் அரங்கேறியது என்பது மரபு. கோயிலார் இறைவனின் இசைவு வேண்டுமென்று தயங்கியபோது, பள்ளிகொண்ட பெருமானைப் பார்த்து, இவ்வாறு படுத்திருக்கும் அளவுக்கு என்ன களைப்பு என்று உரிமையோடு வினவும் பாட்டைக் கவிராயர் பாடினார் என்று சொல்வார்கள். இராமனாக அவன் பட்ட துன்பங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்கும் அந்தப் பாட்டு, இன்று மோகன இராகத்தில் மேடைதோறும் ஒலிக்கிறது.

அரங்கேற்றத்துக்குப் பிறகு எழுந்த கேள்வி, பொருளாதாரக் கேள்வி. இதை ஆதரிப்பவர் யார்? தஞ்சையில் அப்போது இரண்டாம் துளஜா மன்னரின் ஆட்சி. ஆர்க்காட்டு நவாபும் கிழக்கிந்தியக் கம்பெனியும் சேர்ந்து 1773-இல் தஞ்சையைக் கைப்பற்றி, மன்னரையே சிறைவைத்தனர். 1776-இல்தான் அரசு அவருக்குத் திரும்பக் கிடைத்தது. கடனிலும் கப்பத்திலும் மூழ்கிய அரண்மனையிடம் கவிராயருக்குப் பெரிய ஆதரவு வாய்க்கவில்லை. அவரைப் பொன்னால் நீராட்டிச் சிறப்பித்தவர், சென்னையில் கவர்னர் பிகட்டிடம் துபாஷாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். நிலவரியில் வாழ்ந்த அரசவையிடமிருந்து, துறைமுக வாணிகத்தில் செல்வம் சேர்த்த நகரத்தாரிடம் கலைப்புரவலர் பதவி கைமாறிய தருணம் அது. இராகமும் தாளமும் அந்த மாற்றத்தைத் தொடர்ந்தே பிற்காலத்தில் சென்னைக்கு நடந்தன. காசுக்கடை வைத்திருந்த கவிராயருக்கு, பணம் எந்தத் திசையில் நகர்கிறது என்பது விளங்காமல் இருந்திருக்காது.

1779-இல் கவிராயர் மறைந்தார். நூல் மறையவில்லை. கதாகாலட்சேபக்காரர்களும் பாகவதர்களும் ஆடல் மகளிரும் தெருக்கூத்தினரும் திண்ணைப் பாட்டிமாரும் அதைத் தாங்கிச் சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது அச்சேறியபோது, ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் மட்டும் இருந்தன. மெட்டு இல்லை. சட்டநாதபுரத்து மாணாக்கர் இருவரும் வகுத்த இசை, வாயிலிருந்து வாய்க்கு மாறி மாறி, ஊருக்கு ஊர் வேறுபட்டு, மெல்லக் கரைந்துபோயிற்று. இருபதாம் நூற்றாண்டில் தமிழிசை இயக்கம் எழுந்து, 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலத்தையொட்டி, இப்பாடல்கள் கச்சேரி மேடைக்குத் திரும்பின. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் முதலிய பெரும் வித்துவான்கள் அவற்றுக்குப் புது மெட்டு அணிவித்தனர். நான் சென்னையில் கேட்ட பைரவியும் இவ்வாறு வந்து சேர்ந்த அணிகலனே.

இதில் குறைகூற ஒன்றுமில்லை. புது மெட்டு இல்லையேல் பாட்டே நம்மிடம் இருந்திராது. எங்கள் ஊர் ஆண்டாளின் திருப்பாவைக்கும் இதுவே நேர்ந்தது. இன்று மார்கழியில் எல்லா ஊரிலும் ஒலிக்கும் திருப்பாவை மெட்டுகள், அதே அரியக்குடி வகுத்தவை. ஆனால், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் இன்னொரு வழியும் உயிரோடிருக்கிறது. கூம்புக் குல்லாய் அணிந்து, கைத்தாளம் ஒலிக்க, பாசுரத்தை ஓதி அபிநயித்து உரை சொல்லும் அரையர் சேவை, தமிழகத்தில் திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய தலங்களில் மட்டுமே எஞ்சியுள்ளது. தந்தையிடமிருந்து மகன் என்று, ஒருசில குடும்பங்களின் நினைவில் மட்டுமே தங்கி வரும் கலை அது. ஒரு தலைமுறை வேறு வேலைக்குப் போய்விட்டால், அதை மீட்டெடுக்க எந்த ஏடும் உதவாது.

காப்பாற்றியவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். எங்கள் வட்டாரத்துக்கு எட்டும் தொலைவிலுள்ள எட்டயபுரத்தில், ஜமீனின் ஆதரவோடு சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி', முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சுரமும் கமகமும் குறித்து நிலைநிறுத்தியது. தஞ்சையை 1684 முதல் 1712 வரை ஆண்ட மராட்டிய மன்னர் சாஹஜி, திருவாரூர்த் தியாகராசர்மீது தெலுங்கில் இயற்றிய 'பல்லகி சேவா பிரபந்தம்' என்னும் இசைநாடகத்தைப் பேராசிரியர் சாம்பமூர்த்தி தேடிப் பதிப்பித்தார். மராட்டிய மன்னர் தெலுங்கில் எழுதியதைத் தமிழ்நாட்டுக் கோயிலில் பாடினார்கள் என்பது, வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைந்த இராஜபாளையத்தில் இப்போது வாழும் எனக்கு விந்தையாகத் தோன்றுவதில்லை. அத்தகைய ஒரு கை சரியான நேரத்தில் நீண்டிருந்தால், இராம நாடகத்தின் முதல் இசையும் நமக்குக் கிடைத்திருக்கும்.

ஐரோப்பாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஹேண்டலின் ஓபராக்கள் ஒவ்வொரு சுரமும் தாளில் எழுதப்பட்டு நூலகங்களில் பத்திரமாக இருந்தன, பாடத்தான் எவருமில்லை. அவர் காலத்திலேயே மேடையிலிருந்து இறங்கத் தொடங்கியவை, 1920-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 'ரொடெலிண்டா' மீண்டும் அரங்கேறும்வரை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தாளிலேயே உறங்கின. அங்கே ஏடு இருந்தது, நா இல்லை. இங்கே நா இருந்தது, ஏடு இல்லை. உறங்கிய தாளை எழுப்ப முடிந்தது. கரைந்த மெட்டை எழுப்ப முடியவில்லை. இசையைக் குறித்து வைப்பது உயிரற்ற வேலை, குருமுகமாகக் கற்பதே உயர்ந்தது என்று பெருமை பேசுவோர், இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். இரண்டும் வேண்டும் என்பதே இவ்விரு வரலாறுகளும் சேர்ந்து சொல்லும் முடிவு.

சீர்காழியில் தமிழிசை மூவருக்கு மணிமண்டபம் எழுப்பப்பட்டிருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால், வேங்கடராமையரையும் கோதண்டராமையரையும் நினைப்பவர் எத்தனை பேர்? கவிராயரின் சொல்லைக் கொண்டாடும் நாம், அந்தச் சொல்லுக்குச் சிறகு கொடுத்தவர்களின் உழைப்பை முழுவதுமாக இழந்து நிற்கிறோம். பல்கலைக்கழக இசைத்துறைகளும் அரசு இசைக் கல்லூரிகளும் ஆண்டுக்கு ஒரு வட்டாரத்தைத் தேர்ந்துகொண்டு, அங்கே பாகவதர், கூத்தர், பஜனை மடத்து முதியோர் ஆகியோரின் நினைவில் எஞ்சியுள்ள மெட்டுகளைப் பதிவுசெய்து சுரப்படுத்தினால், அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஓர் ஆய்வு மாணவரின் உதவித்தொகையும் பேருந்துக் கட்டணமும் போதும். காலம் தாழ்த்தினால் எத்தனை கோடி ஒதுக்கினாலும் அது நடவாது.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. 1980-களின் தொடக்கத்தில், என் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து ஒரு டேப்ரிக்கார்டர் வாங்கினேன். கருத்தரங்க உரைகளையும் திரைப்பாடல்களையும் அதில் பதிவுசெய்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அது என் பெட்டியில் இருந்தது. திண்ணையில் பாட்டியும் இருந்தார். அவரை ஒருமுறை பாடச் சொல்லிப் பதிவுசெய்ய எனக்குத் தோன்றவில்லை. அவர் பாடியதுதான் மூல மெட்டு என்று நான் வாதிட மாட்டேன். ஆனால், அது இருநூறு ஆண்டுகள் எத்தனையோ நாவுகளைக் கடந்து எங்கள் திண்ணைவரை வந்த ஒரு மெட்டு. இன்று பாட்டின் சொற்கள் எல்லாம் எனக்கு நினைவிருக்கின்றன. பாடிப் பார்க்க முயன்றால் பைரவிதான் வருகிறது.

இப்போது பெரும்பாலோர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. உங்கள் வீட்டில் பழைய பாட்டுப் பாடும் முதியவர் ஒருவர் இருந்தால், இன்று மாலை அவர் அருகில் சென்று அமருங்கள்.